பந்தலில் தொங்கிய வேளாக்கொம்பு

நவம்பர் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல விடியுமுன் எழுந்து, மோட்டார் போட்டு, தொட்டி நிரம்பும்வரை வாசலில் நின்றேன். பள்ளியில் இரண்டு வகுப்புகள், பிற்பகலில் தேர்வறைக் கண்காணிப்பு. திரும்பும் வழியில் பழனிசெட்டிபட்டி முக்கில் கறுப்புத் திராட்சை வாங்கினேன். அதை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுக் கைபேசியைப் பார்த்தால், கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து பெரியம்மா மகன் சேவியர் ஒரு படம் அனுப்பியிருந்தான். அவர்களுடைய திராட்சைப் பந்தலின் கல்தூண்களை ஜேசிபி பிடுங்கிக்கொண்டிருந்தது. கம்பிகள் சுருண்டு கிடந்தன. ‘கொம்பு எங்கடா?’ என்று எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை.

எந்தக் கொம்பு என்று நீங்கள் கேட்பீர்கள். வேளா என்று ஒரு கடல் மீன் உண்டு. அதன் மூக்கு நீண்டு, ரம்பம்போல இருபுறமும் பல் வைத்திருக்கும். அந்த மூக்கைத்தான் வேளாக்கொம்பு என்பார்கள். கடலோரத்தில் அதைக் கோயிலிலும் மாதா கோயிலிலும் காணிக்கையாக வைப்பதுண்டு. கடல் வாடையே இல்லாத எங்கள் ஊருக்கு அது வந்தது பெரியப்பாவின் அப்பாவால். தூத்துக்குடித் திருவிழாவுக்குப் போனவருக்கு அங்கே ஒரு கூட்டாளி கொடுத்தது. பஸ்ஸில் நடத்துநர் கொம்புக்கும் தனி டிக்கெட் கேட்டார் என்பது குடும்பக் கதை. மற்ற தோட்டங்களில் கண்ணேறு கழியப் பூசணிக்காயோ பழைய செருப்போ தொங்கும். பெரியம்மா வீட்டுப் பந்தலின் நடுக்கம்பியில் மீன் மூக்கு தொங்கியது.

விலங்கியல் படித்து முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, சுறா, திருக்கை இனங்களை ஆராயும் ஒரு திட்டத்தில் உதவியாளன். படகு வந்து சேரும் கரையில் நின்று மீன்களை அளப்பேன். சுறா செத்ததும் உடம்பிலிருந்து அமோனியா வாடை கிளம்பும். சட்டையில் ஏறினால் சோப்புக்கு அடங்காது. அந்த வருஷங்களில் எந்தப் பஸ்ஸிலும் எனக்கு இருக்கை கிடைக்காமல் போனதில்லை. பக்கத்து இருக்கையும் எனக்குத்தான்.

திட்டத்தை நடத்திய மேடத்தின் மேசையில் அரியலூர்ப் பக்கத்து மண்ணில் கிடைத்த கல்லாகிப்போன சுறாப்பல் ஒன்று காகிதங்களின்மேல் இருக்கும். சுறாவுக்கும் திருக்கைக்கும் எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். அது மட்கிவிடும். மிஞ்சுகிற பல்லை வைத்து மீன் முழுவதையும் யோசிக்க வேண்டும் என்பார். அந்தப் பல்லைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒருநாள்தான், “எங்க பெரியம்மா தோட்டத்துல ஒரு வேளாக்கொம்பு தொங்குது மேடம்” என்று சொல்லிவைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அடுத்த வாரம் இருவரும் கம்பம் பஸ்ஸில் இருந்தோம்.

போன நேரம் சரியில்லை. அறுப்புக்கு நாள் நெருங்கியிருந்தது. அந்த அறுப்பை நம்பித்தான் பெரியம்மா தன் மகள் ரோஸிக்குக் கல்யாணம் குறித்திருந்தாள். கேரள வியாபாரியோ இனிப்பு இன்னும் ஏறட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தார். மேகமலைப் பக்கம் கறுத்துக் கிடந்தது. பழுத்த குலையில் மழை இறங்கினால் பழம் வெடித்துவிடும். வெடித்த பழத்தை வாங்க ஆள் கிடையாது.

“அறுப்பு முடியிற மட்டும் அத இறக்கக் கூடாது. வேணும்னா ஏறிப் பாக்கட்டும்” என்றாள் பெரியம்மா.

மேடம் ஏணியில் ஏறினார். தலை குலைகளுக்குள் மறைந்துவிட்டது. குரல் மட்டும் வந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தை வருஷக்கணக்காகக் கொடிக்குத் தெளித்ததில் கொம்பு நீலம் பாரித்திருந்தது. அடிப்பகுதியை மெல்லச் சுரண்டிவிட்டு, பல் அடிவரை இருக்கிறது, பெரிய வகைதான் என்றார். “பேச்சுக்குச் சுறான்னு சொன்னாலும் இது திருக்கை வகைம்மா. செவுள் அடிப்பக்கம் இருக்கும்.”

பெரியம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். “மேடம், இத ஆருகிட்டயும் சொல்லிராதீக. ஊருக்குள்ள வேளாச்சுறான்னுதான் பேரு. திருக்கைய நாங்க கருவாட்டுக் கொழம்பு வச்சுல்ல திங்கிறோம்.”

அடுத்ததுதான் கஷ்டம். எந்தக் கடல் கூட்டத்தைச் சேர்ந்தது என்று அறியக் கொம்பில் சிறு துளை போட்டுக் கொஞ்சம் பொடி எடுக்க வேண்டும். பெரியம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஓட்ட போட்டா கண்ணு உள்ள பூந்துரும்.”

“கம்பி கட்ட தாத்தா போட்ட ஓட்டை ஏற்கெனவே இருக்கே பெரியம்மா” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். “ஏலே, படிக்க வச்சது தப்பாப் போச்சு. நகத்தளவு எடுத்துக்கச் சொல்லு.”

பழைய துளையின் ஓரத்தில் சுரண்டி, மேடம் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டார். அன்று மாலையே மழை பிடித்தது. ஊர் முழுக்கப் பந்தல் பந்தலாகப் பழம் வெடித்தது. மாப்பிள்ளை வீட்டாரும் திராட்சைக்காரர்கள்தான். அவர்கள் பந்தலும் தப்பவில்லை. அதனால் ரோஸியின் கல்யாணம் அடுத்த அறுப்புக்குத் தள்ளிப்போனதோடு நின்றது, முறியவில்லை. எல்லார் தோட்டத்திலும்தானே பெரியம்மா மழை என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.

“எல்லாருக்கும் பெஞ்ச மழைதான். ஆனா எங்க பந்தலுக்கு மட்டும்தான காரணம் இருக்கு” என்றாள். “அந்தப் பொடியத் திருப்பிக் கொண்டாந்து வச்சிரு.”

மேடத்திடம் கேட்டேன். சோதனையில் கரைந்துவிட்டது, மிச்சமில்லை என்றார். அடுத்த முறை ஊருக்குப் போனபோது அதை அப்படியே சொன்னேன்.

“கரைச்சிட்டாகளா? எதுக்காம்?”

“என்ன மீனுன்னு பாக்க.”

“என்ன மீனாம்?”

“வேளா.”

“அதத்தானலே நான் அன்னைக்கே சொன்னேன்!”

எனக்குக் கொஞ்சம் ரோஷம். அந்த மீனே தன் கொம்பு வலையில் சிக்கித்தான் சாகிறது, தன்னைக் காக்காத கொம்பு உங்கள் பந்தலை எப்படிக் காக்கும் என்று கேட்டேன். பெரியம்மா கொடியில் வேண்டாத தளிரைக் கிள்ளிப் போட்டபடியே சொன்னாள்: “ஏன், நம்ம சாமி மட்டும் செலுவையிலேருந்து எறங்கியா வந்தாரு?”

திட்டம் முடியும்வரை கடலோரம் முழுக்கக் கொம்புகளை அளந்தோம். கோயில் உத்தரத்தில், வீட்டு நிலைக்கு மேலே, ஒரு சாயாக்கடையில்கூட. மீன் ஒன்றுகூட எங்கள் கண்ணில் படவில்லை. வலைக்காரர்களில் வயதானவர்கள் மட்டும் பார்த்திருந்தார்கள். மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். நான் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டேன். பெரியம்மா போய்ச் சேர்ந்த பிறகு சேவியர் பந்தலைக் கவனிக்கவில்லை. பக்கத்துத் தோட்டங்கள் மனைகளாகிக் கல் ஊன்றியாயிற்று.

மறுநாள் புதன்கிழமை எழுந்ததும் மோட்டார்கூடப் போடாமல் சேவியரை அழைத்தேன்.

“கொம்பாண்ணே? ஜேசிபி டிரைவர் கேட்டாப்ல, குடுத்துட்டேன். கண்ணு படாம இருக்க வண்டிக்கு முன்னால கட்டியிருக்காப்ல. நேத்தே அடுத்த தோட்டத்துக்குப் போயாச்சு.”

யாருடைய தோட்டத்துக்கு என்று கேட்டேன். மூன்று பெயர்கள் சொன்னான். மூன்றும் பந்தல் தோட்டங்கள்.