ஏழாவது நிரைக் காளான்

சாப்பிட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ஈரத்துணியை இரண்டு பேர் இரு முனையிலும் பிடித்துப் பிழிவதுபோல் வயிறு முறுக்கியது. அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் வாந்தி, அப்புறம் பேதி. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போவதும் வருவதுமாக அந்த வெள்ளிக்கிழமை மதியம் போயிற்று.

இஞ்சித் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று இருந்தேன். அது தப்பு. வயதானவர்களுக்கு உடம்பு நீர் வேகமாகப் போனால் சிறுநீரகம் (ரத்தத்தைச் சலித்துக் கழிவை மூத்திரமாக வெளியே தள்ளும் உறுப்பு) காய்ந்து நின்றுவிடுமாம். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால் இஞ்சியைத் தேடாதீர்கள். வண்டியைத் தேடுங்கள்.

மகன் குணா வேலை முடிந்து வந்து, நான் கிடந்த கோலத்தைப் பார்த்து, காரில் ஏற்றி சுங்கை பட்டாணி மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். அங்கே ஒரு தமிழ் டாக்டர். சின்ன வயசுப் பெண்.

"அம்மா, என்னா சாப்பிட்டீங்க? காட்டுல மேட்டுல எதாச்சும் பறிச்சிச் சாப்பிட்டீங்களா?"

"கெம்போங் மீன் கொழம்பு. பாசார்ல வாங்குனது."

அது பொய். நான் சாப்பிட்டது காளான்.

ஏன் பொய் சொன்னேன் என்று எழுதத்தான் வேண்டும். பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருசம் ரப்பர் மரம் வெட்டி, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவள் நான். பள்ளிக்கூடம் மூன்று வருசம்தான். ஆனால் எந்தக் கீரையைத் தின்னலாம், எந்தக் காளானைத் தொடக்கூடாது என்று எல்லாரும் என்னிடம்தான் கேட்பார்கள். "பெரியக்கா பாத்துட்டா பயமில்ல" என்பார்கள். என்னிடம் இருந்த படிப்பு அது ஒன்றுதான். அதை அந்தச் சின்னப் பெண் முன்னால் கழற்றி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

வியாழன் சாயங்காலம் நல்ல இடி. இடி இடித்தால் புற்றுக்காளான் முளைக்கும். வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஏழாவது நிரைக்கு (மர வரிசைக்கு) போனேன். முன்பு அங்கே பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு கறையான் புற்று இருந்தது. வருசா வருசம் அங்கேதான் பறிப்பேன். ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை வைத்தபோது புல்டோசர் அந்தப் புற்றையும் தரையோடு தள்ளிவிட்டது. எனக்குத் தெரியும். இருந்தாலும் என் கணக்கில் அது ஏழாவது நிரைதான். புல்லுக்குள் வெள்ளையாக, குடை குடையாக நின்றன. என் இடத்தில் நிற்பது என் காளான் என்று நினைத்தேன்.

புற்றுக்காளானுக்கு நீளமான வேர் இருக்கும். இழுத்தால் மண்ணுக்குள்ளிருந்து வராமல் அடம்பிடிக்கும். அன்றைக்குப் பறித்தவை தொட்டதும் கையோடு வந்தன. கைக்கு அப்போதே தெரிந்தது. நான்தான் கேட்கவில்லை. பூண்டும் மஞ்சளும் போட்டு வேகவைத்தேன், நிறம் மாறவில்லை. விஷம் இருந்தால் பூண்டு கறுக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதை நம்பாதீர்கள்.

ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுச் சரோஜாவுக்குக் கொடுத்தேன். ஒரே தண்டலுக்கு (கங்காணிக்கு) கீழே மரம் வெட்டினவள், எனக்குத் தங்கச்சி மாதிரி.

மருத்துவமனையில் படுத்துக்கொண்டு அதையே பிடித்துக்கொண்டேன். சரோஜாவும்தான் சாப்பிட்டிருப்பாள். அவளுக்கு ஏதாவது என்றால் தெருவே திரண்டிருக்கும். ஒன்றும் காணோம். அப்படியானால் காளான் மேல் குற்றமில்லை. எனக்கு நானே இதைச் சொல்லிச் சொல்லி ஒரு ராத்திரியை ஓட்டினேன்.

சனிக்கிழமை காலையில் கட்டிலில் மாட்டியிருந்த மூத்திரப் பை காலியாகவே தொங்கியது. கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றாமல் ரத்தத்தில் தங்கிவிடும் கழிவு) ஏறிக்கொண்டே போகிறது என்றார்கள். டயாலிசிஸ் (இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புவது) செய்ய வேண்டுமாம்.

பதினொரு மணிக்குக் குணா வந்தான். முகம் சிவந்திருந்தது.

"மீன்காரன்கிட்ட நல்லா சண்ட போட்டுட்டு வந்தேம்மா. அந்தாளு சத்தியம் பண்றான், நேத்து நீ அந்தப் பக்கமே வரலன்னு. பொய் பேசுறான் லா."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சரோஜாக்கா மத்தியானம் சாப்புட்டுட்டு வந்து பாக்குதாம். நேத்து நீ குடுத்தத தொடலயாம். வெள்ளிக்கெழம வெரதமாம், காளான் கறி மாதிரின்னு எடுத்து வச்சிருச்சாம். இன்னிக்கித்தான் சூடு பண்ணப் போவுதாம்."

சரோஜாவுக்கு வெள்ளிக்கிழமை விரதம் என்பது எனக்கு நாற்பது வருசமாகத் தெரியும். எப்படி மறந்தேன்?

உடனே வாய் திறந்தேன் என்று எழுத ஆசைதான். திறக்கவில்லை. டாக்டர் பக்கத்துக் கட்டில் அருகே நின்றுகொண்டிருந்தாள். இரண்டு மரம் வெட்டும் நேரம் சும்மா கிடந்தேன். அப்புறம் சொன்னேன்.

"சரோஜாவ அதத் தின்ன வேணாம்னு சொல்லுடா. மீனில்ல. காளான்தான்."

முதல் தடவை போனை அவள் எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தாள். குணா விஷயத்தைச் சொன்னான். பிறகு அவள் குரல் எனக்கே கேட்டது.

"ரெண்டு வாய் போட்டுட்டேனேப்பா! ஏன்க்கா, சாவுறதுக்குக்கூடத் தொணைக்கு ஆள் தேடுறியா நீ?"

மூன்று மணிக்கெல்லாம் அவளையும் கொண்டுவந்து எதிர்க் கட்டிலில் போட்டார்கள். வாந்தி எடுப்பதும், நிமிர்ந்து என்னைத் திட்டுவதும், மறுபடி குனிவதுமாக இருந்தாள். ரெண்டு வாயோடு நின்றதால் பிழைத்தாள். இரண்டு நாளில் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "நேத்தே சொல்லியிருந்தா, நேத்தே அவங்களுக்குப் போன் பண்ணியிருக்கலாம்லம்மா" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

ஆறு முறை டயாலிசிஸ். கழுத்தில் குழாய். என் ரத்தம் எனக்கு வெளியே சுற்றிவிட்டு வருவதைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். குளிரும். பேச ஆள் இருந்தாலும் பேசத் தோன்றாது. எவ்வளவு குடித்தேன், எவ்வளவு போனது என்று எழுத ஒரு தாள் கொடுத்தார்கள். எனக்கு எண்கள் எழுத வரும். போனது என்ற பத்தியில் பல நாள் முட்டைதான் போட்டேன். மரத்தைக் கீறிவிட்டுக் கோப்பையில் முதல் சொட்டு விழக் காத்திருப்போமே, அதுபோல. ஒருநாள் காலை கொஞ்சம் வந்தது. நர்ஸ் அளந்து பார்த்துச் சிரித்தாள். அழுகை வந்தது எனக்கு.

சிறுநீரகம் திரும்பியது. முழுசாக இல்லை, பாதிக்குக் கொஞ்சம் மேலே. தண்ணீருக்கு அளவு உண்டு. கீரையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒரு கரண்டி, அதுவும் எப்போதாவது. குணா போய் மீன்காரரிடம் மன்னிப்புக் கேட்டான். நானும் போனேன். அவர் இரண்டு மீன் கூடப் போட்டார். அதைத் தூக்கிக்கொண்டு நடப்பது கனமாக இருந்தது.

போன வாரம் மறுபடி இடி. முன்பெல்லாம் இடிச்சத்தம் கேட்டால் காலே என்னைக் கேட்காமல் கிளம்பிவிடும். இப்போது கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

மறுநாள் சரோஜா வந்தாள். கையில் ஒரு காளான், வீட்டு முன்னால் கால்வாய் ஓரத்தில் பறித்தது.

"இது என்னாக்கா?"

கண்ணாடி போட்டுக்கொண்டேன். திருப்பி அடியில் பார்த்தேன். வேரைத் தடவினேன். இன்னொரு தடவை திருப்பினேன்.

"தெரியல" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "அடேங்கப்பா. இந்த ஒரு வார்த்த உன் வாயிலேர்ந்து வர எழுவத்திரண்டு வருசமாயிருச்சா?"

காளானைக் கால்வாயிலேயே வீசிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்கு நாக்கு வறண்டிருந்தது. மணி மூன்று. மூன்றரைக்குத்தான் அரைக் குவளை தண்ணீர். இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.