பென்டிரைவில் இரண்டு பிள்ளையார்

"ஏம்மா, சிங்கவரத்துக் கல்யாணத்த இன்னாம்மா பண்ண?"

காலை ஒன்பதரைக்கு ராஜவேல் அண்ணன் போனில் கேட்ட கேள்வி இது. நான் யார் கல்யாணத்தையும் நிறுத்தவில்லை. அண்ணன் செஞ்சிக் கடைத்தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை வைத்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம்தான் அவர் சிஸ்டத்தில் வைரஸ் எடுத்துவிட்டு வந்திருந்தேன். நான் தனியாக சர்வீஸ் ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த சிஸ்டத்தை அசெம்பிள் செய்து கொடுத்ததும் நான்தான். அவர்தான் என் முதல் கஸ்டமர்.

அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் சிஸ்டம் ஆமை வேகத்தில் நகரும், டாஸ்க் மேனேஜர் திறக்காது. ஸ்டார்ட்டப்பில் ஒரு அனாமத்து புரோகிராம் உட்கார்ந்திருக்கும். அதை அழித்துவிட்டு வருவேன். மறுநாள் காலையில் சொல்லி வைத்தாற்போல் திரும்ப வந்துவிடும். மூன்றாம் தடவை ஆன்டிவைரஸ் சிடி கொண்டுபோய்ப் போட்டேன். அது ஏகப்பட்ட ஃபைலைப் பிடித்து அழித்தது. ராஜகிரிக் கோட்டையையே பிடித்துவிட்ட மிதப்பில் வீட்டுக்குப் போனேன்.

இப்போது போய்ப் பார்த்தால், பத்திரிகை ஃபைலெல்லாம் இருந்த டி டிரைவ் துடைத்து வைத்ததுபோல் காலி. ஒரு ஃபோல்டர்கூட இல்லை. கடை ஸ்டூலில் அஞ்சலை அக்கா உட்கார்ந்திருந்தார். சிங்கவரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைப்பவர், கல்யாணப் பெண்ணின் அம்மா.

"நாளைக்கு வெள்ளிக்கிழம. மொத பத்திரிகைய எங்க ஊரு மலமேல பெருமாள்கிட்ட வெக்கணும். அத வெக்காம ஒரு வீட்டுக்கும் பத்திரிகை குடுக்க முடியாது. வாங்காம பஸ் ஏற மாட்டேன்," என்றார்.

"இந்தப் பொண்ணுதான் தொடச்சிட்டுது. இனிமே திண்டிவனத்துலேர்ந்துதான் ஆள கூட்டியாரணும்," என்றார் அண்ணன்.

முதல் கஸ்டமர் திண்டிவனம் போனால் மொத்தக் கடைத்தெருவும் பின்னாலேயே போகும்.

சிஸ்டத்தை சேஃப் மோடில் போட்டேன். மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் ஆப்ஷனை ஆன் செய்தேன். எல்லா ஃபோல்டரும் மங்கலாகத் தெரிந்தன. சிங்கவரமும் இருந்தது! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்த வைரஸ், நிஜ ஃபோல்டரை மறைத்து வைத்துவிட்டு, அதே பெயரில், அதே மஞ்சள் படத்தோடு ஒரு போலியை வைக்கிற ஜாதி. ஆன்டிவைரஸ் போலியை அழித்தது. மறைந்திருந்ததை வெளியே கொண்டுவர வேண்டியது நான். முந்தின நாள் அது எனக்குத் தெரியாது.

ஸ்டார்ட்டப்பில் பார்த்தால் அந்த அனாமத்து திரும்பவும் உட்கார்ந்திருந்தது. அதை அழித்துவிட்டுக் கேட்டேன்.

"அண்ணே, காலையிலேர்ந்து இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலியே. கடைய தொறந்தேன், சாமி கும்புட்டேன்."

"எப்படிக் கும்புட்டீங்க?"

சாமி படத்தட்டிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினார். மஞ்சள், குங்குமம் வைத்து, மேலே ஒரு சாமந்திப் பூ. சிஸ்டத்தை டெலிவரி செய்த அன்று, கடை நன்றாக நடக்கட்டும் என்று பிள்ளையார் படம் போட்டு நான் கொடுத்த பென்டிரைவ். தினமும் காலையில் முதல் வேலையாக அதிலிருக்கும் 'பிள்ளையார்' ஃபோல்டரைத் திறந்து, திரையில் அவரைப் பார்த்து, குட்டிக்கொண்ட பிறகுதான் அண்ணன் வேலையைத் தொடுவாராம். பத்திரிகை உச்சியில் வைக்கும் படமும் அதே பிள்ளையார்தான்.

மவுஸைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு அதைச் சொருகினேன். திரையில் இரண்டு பிள்ளையார் ஃபோல்டர். ஒன்று மங்கல், ஒன்று பளிச்.

"பளிச்சுன்னு இருக்கறவருதான் நம்ம சாமி. அந்த மங்கலுதான் திருட்டுப்பய, அத தூக்கு," என்றார் அண்ணன்.

"இல்லண்ணே. படத்த பாக்காதீங்க, பக்கத்துல டைப்ப பாருங்க. மங்கலுக்கு நேரா ஃபோல்டர்னு இருக்குது. பளிச்சுக்கு நேரா அப்ளிகேஷன்னு இருக்குது. இது புரோகிராம். நிஜப் பிள்ளையார ஒளிச்சு வெச்சிட்டு, அவரு பேர மாட்டிக்கினு உக்காந்திருக்குது. நீங்க தொறந்தா அதுவும் ஓடும், படத்தயும் காட்டும்."

"எதுவா இருந்தா இன்னா? பேரு பிள்ளையார்னு இருக்குதே. பிள்ளையார டெலீட் பண்ணிட்டு நாளைக்கு கடைக்கு ஒண்ணுன்னா யாரு ஜவாப்பு?"

"பேர மாத்திட்டு அழிக்கட்டுமா?"

"பேர மாத்திட்டா சாமி இல்லன்னு ஆயிடுமா? பேச்ச பாரு!"

"அப்ப இத விட்டுட்டு பத்திரிகைய அடிங்க."

"பிள்ளையார தொறக்காம நான் எந்த வேலயும் தொட்டதில்ல."

திறந்தால் வைரஸ், திறக்காவிட்டால் பத்திரிகை இல்லை. பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. ஒன்றரைக்கு ராகுகாலம் பிறந்துவிட்டால் மூன்று வரைக்கும் அண்ணன் பிரிண்டரை ஆன்கூடச் செய்ய மாட்டார். எனக்குக் கோபத்தில் காது சுட்டது.

அஞ்சலை அக்கா ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"இன்னாத்துக்கு இவ்ளோ பேச்சு? வருசா வருசம் பிள்ளையார வாங்கியாந்து, கொழுக்கட்ட படைச்சு, மூணாம் நாளு ஏரியில நாமதான கரைக்கிறோம்? அப்ப எந்தக் கடைக்கு இன்னா ஆச்சு? இவர எத்தினி நாளா வெச்சிருக்கற?"

"பத்து நாளு இருக்கும்," என்றார் அண்ணன்.

"ஏழு நாளு லேட்டு. கரைச்சிடு பொண்ணே."

அண்ணன் யோசித்தார். சட்டைப் பையிலிருந்து கற்பூரம் எடுத்து ஏற்றினார். மானிட்டருக்குக் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ம்... கரைச்சிடு," என்றார். ஷிஃப்ட்டும் டெலீட்டும் சேர்த்து அழுத்தினேன். மங்கல் பிள்ளையாரின் ஹிட்டன் டிக்கை எடுத்ததும் அவர் பளிச்சென்று வந்தார். அண்ணன் திறந்தார், குட்டிக்கொண்டார், சிஸ்டம் சும்மா இருந்தது. ஒன்றேகால் மணிக்கு அஞ்சலை அக்கா பத்திரிகைக் கட்டோடு பஸ் ஏறினார்.

பெருமையாக வீட்டுக்கு வந்து, என் சொந்த பென்டிரைவை என் சிஸ்டத்தில் போட்டு, மறைந்த ஃபைல்களையும் காட்டவைத்து டைப்பைப் பார்த்தேன். ஊரெல்லாம் சர்வீஸுக்குக் கொண்டுபோகிற பென்டிரைவ். என் முகத்தில் ஈயாடவில்லை. பிள்ளையார் இரண்டு. டிரைவர் ஃபோல்டர் இரண்டு. 'ஆன்டிவைரஸ்' என்ற ஃபோல்டருக்கே ஒரு போலி இருந்தது. அண்ணனுக்கு அந்தப் படத்தை இதிலிருந்துதான் காப்பி செய்து கொடுத்திருந்தேன். கஸ்டமர் சிஸ்டத்தை மூன்று தடவை சந்தேகப்பட்டவள், என் பையை ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. வெட்கமாக இருந்தது.

சொல்லாமல் விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. மறுநாள் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். திண்டிவனத்து ஆள் வரட்டும் என்பார் என்று தயாராகத்தான் நின்றேன்.

"சாமியயும் நீதான் குடுத்த, பூதத்தயும் நீதான் குடுத்த," என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே."

"இனிமே நீ இங்க வந்தா, மொதல்ல உன்னுத சொருவிக் காட்டு. அப்புறமா என்னுத தொடு."

இத்தனை வருடமாக எந்தக் கடைக்குப் போனாலும் அதைத்தான் செய்கிறேன். சர்வீஸுக்கு வரும் பிள்ளைகளே, நீங்களும் செய்யுங்கள். ராஜவேல் அண்ணன் கடையில் மட்டும் கூடுதலாக ஒரு வேலை உண்டு. நான் என் பென்டிரைவை ஸ்கேன் செய்து முடிக்கிறவரை, அவர் பக்கத்தில் கற்பூரத்தோடு நிற்பார்.