ஏழாம் வீட்டில் புளூட்டோ

"உங்க பொண்ணு ஜாதகத்துல, ஏழாம் வீட்ல புளூட்டோ உக்காந்திருக்கு சார்" என்றார் செம்பாக்கம் ஜோசியர்.

எங்கள் தெருவில் ஏழாம் நம்பர் வீட்டு நாயின் பெயர் புளூட்டோ.

"ஆமா சார், கட்டியே போட மாட்டேங்குறாங்க" என்றேன். சம்பந்தியாகப் போகிறவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அது கிரகமாம். அதனால் பொருத்தம் இல்லையாம். மகளும் சம்பந்தியின் பையனும் காட்டாங்குளத்தூர் காலேஜில் படிக்கும்போதே கல்யாணம் என்று முடிவு செய்துகொண்டவர்கள். வீட்டில் போனும் கையுமாகக் காத்திருக்கிறாள்.

நானும் போனில் தேடினேன். "சார், அத கிரகமே இல்லைன்னு எப்பவோ தூக்கிட்டாங்களாம்!"

ஜோசியர் அசரவில்லை. "பொண்ணு பொறந்தப்போ பதவியில இருந்துச்சுல்ல? அப்போ போட்ட கையெழுத்து செல்லும்."

சம்பந்தி பயபக்தியோடு தலையாட்டினார்.

"பரிகாரம்?" என்றேன்.

"நவக்கிரகத்தை ஒம்போது சுத்து. புளூட்டோவுக்குன்னு தனியா ஒண்ணு. அப்புறம் தாராளமா பண்ணலாம்."

மகளை நினைத்து, "ரெண்டாவே சுத்திடறோம் சார்" என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நான் கேட்காமல் விழுங்கியதை, உங்களில் தைரியசாலி யாராவது போய்க் கேளுங்கள்:

"காலங்காலமா வானத்துலயே சுத்திக்கிட்டிருந்தத, எவனோ டெலஸ்கோப்புல பாத்துச் சொல்ற வரைக்கும் உங்க ஜோசியத்துக்கு ஏன்யா தெரியல?"