பிள்ளைக் காம்பராவுக்கு வந்த கட்டில்கள்

சர்வதேச நிறுவனத்தில் வேலை என்றாலே வாரத்துக்கு ஒரு தடவை விமானம் ஏறுகிற உத்தியோகம் என்று நினைக்கிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இத்தனை வருஷத்தில் நான் வேலை நிமித்தம் போன ஆகப் பெரிய தூரம், இதே மலையகத்தில் இருக்கிற ராகலை. அதுவும் பஸ்ஸில், நின்றுகொண்டே.

சிறுவர்களுக்காக உலகம் முழுக்க வேலை செய்கிற ஒரு நிறுவனத்தின் ஹட்டன் கிளையில் நான் கள உத்தியோகத்தர். களம் என்றால் சேறு, அட்டைக்கடி, அப்புறம் "மிஸ், இந்த வாட்டி என்ன கொண்டாந்தீங்க?" என்கிற கேள்வி. ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முடியும். மறுபடி கையெழுத்தாகிற வரைக்கும் வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. முதுகில் நிறுவனத்துச் சின்னம் போட்ட சட்டையோடு மலையேறுகிற என் சக பாவிகளே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

உரிமை இருக்கு, ஆள் இல்லை

றொசல்லவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற இடத்துக்குப் பிள்ளைக் காம்பரா என்று பெயர். மழைக்காலத்துக் காற்றில் அதன் கூரைத் தகரமெல்லாம் பிய்த்துக்கொண்டு ஆற்றில் போய் விழுந்தது. காம்பராவை மூடிவிட்டார்கள். கூரை போடச் சொல்லிக் கேட்ட இடத்திலெல்லாம் "பார்க்கலாம்" என்றார்கள். பாவம், இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதற்குள் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பல வீடுகளில் மூத்த பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இளைய பிள்ளைக்கு ஆயாவாகிவிட்டது.

அப்படி நின்றவள்தான் தர்ஷினி. ஆறாம் வகுப்பு. வாயென்றால் வாய், அப்படி ஒரு வாய். நான் சிறுவர் உரிமை வகுப்பு வைத்த அன்றைக்கு, இடுப்பில் தம்பியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். வாழும் உரிமை, கற்கும் உரிமை, விளையாடும் உரிமை என்று கடகடவென்று ஒப்புவித்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கியே, அப்புறம் ஏன்டி ஸ்கூலுக்குப் போறதில்ல?" என்று கேட்டேன். அவள் தம்பியை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்:

"உரிமை இருக்கு மிஸ். தம்பியப் புடிக்கத்தான் ஆள் இல்ல."

பெரட்டு

பிள்ளைகள் தாங்களே ஜனநாயக முறையில் ஒரு சிறுவர் கழகம் அமைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தொண்டை வற்ற விளக்கிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போகிறேன், பிள்ளைகள் எல்லாரும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கிறார்கள். காலையில் தொழிலாளரை நிறுத்தி வேலை பிரிக்கிற இடம் அது. தர்ஷினி ஒரு கையில் குடை, ஒரு கையில் தம்பி என்று குறுக்கும் நெடுக்கும் நடக்கிறாள். அவள்தான் தோட்டத்தை ஆளுகிற தொரையாம். ஒருத்தி கணக்கப்பிள்ளை. மீதி அத்தனை பேரும் கங்காணி! நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், அதுகள் கண்ணால் கண்ட ஆட்சி அது ஒன்றுதானே?

தீர்மானம் மட்டும் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். முதல் வேலை, பிள்ளைக் காம்பராவுக்குக் கூரை. தொரை அறிவித்ததும் கங்காணிமார் எல்லாரும் கை தட்டினார்கள். "எல்லாரும் அதிகாரியானா வேலை செய்ய யாரு இருக்கா?" என்று கேட்டேன். தோட்டத்தில் பிந்தி வந்தாலோ கொழுந்து குறைந்தாலோ அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான், அதை அரைப்பேர் என்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொரை குடையை என் பக்கம் நீட்டினாள்:

"நீங்கதான் மிஸ் இருக்கீங்க. ஆனா லேட்டா வந்தீங்க, இன்னைக்கு அரைப்பேருதான்."

கொழும்புத் தமிழ்

தீர்மானத்தை விடுவேனா? உட்கார்ந்து ஒரு திட்ட அறிக்கை எழுதினேன். தலைப்பு: பிள்ளைக் காம்பராவைச் சீரமைத்தல். வேறு என்ன எழுதுவது, நான் வட்டகொடை லயத்தில் பிறந்தவள், எனக்கு அதன் பெயர் அதுதான். அறிக்கை கொழும்புக்குப் போனது. அங்கே அதை ஆங்கிலமாக்குகிற பிரதீபன் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. மலைப்பக்கம் வந்தது ஒரேயொரு தடவை, ஸ்ட்ராபெரி வாங்க. காம்பரா என்றால் அறை, பிள்ளைக் காம்பரா என்றால் பிள்ளை தூங்குகிற அறை என்று அவராகவே முடிவு கட்டி அனுப்பிவிட்டார். தலைப்பைப் படித்ததுமே வெளிநாட்டுத் தலைமையகம் உருகிப்போய்விட்டது. பிள்ளைகளுக்குத் தூங்க இடமில்லையா! உடனே அனுமதி.

ஒருநாள் தோட்டத்து மேட்டில் லொறி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. நான் தகரம் என்று ஓடினேன். இறங்கியது கட்டில். குட்டிக் குட்டியாக, வெள்ளைப் பெயின்ட் அடித்த கட்டில்கள். மெத்தை, தலையணை, முயல் படம் போட்ட போர்வை. எல்லாவற்றையும் அனுமதித்த இடத்தில்தான் இறக்குவேன் என்று லொறிக்காரர் கூரையில்லாத காம்பராவுக்குள் அடுக்கிவிட்டுப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே நின்று பிரதீபனுக்குப் போன் போட்டு, காம்பரா என்றால் என்ன என்று பாடம் எடுத்தேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்போ அதை ஏன் அக்கா நீங்க தமிழ்லயே எழுதல்ல?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். பக்கத்தில் தர்ஷினியின் அம்மா லெட்சுமி, மலையிலிருந்து இறங்கி வந்த கோலத்தில் கட்டில்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். மெத்தையை அமுக்கிப் பார்த்தார். போர்வையைத் தடவிப் பார்த்தார்.

"கட்டில், மெத்த, தலாணி... சீரெல்லாம் வந்துருச்சு மிஸ். பொண்ணு மாப்பிள்ள யாரு?"

படுத்துப் பார்த்த ஹெல்கா

கட்டில்களைக் கொழுந்தெடுக்கிற அம்மாமார் இடுப்பில் கட்டுகிற, மழை ஊறாத படங்குச் சீலையால் மூடிவைத்தோம். நான் தப்பைச் சொல்லிக் கொழும்புக்கு எழுதினேன். பதில் வருவதற்குள் தலைமையகத்திலிருந்து ஹெல்கா என்கிற அம்மையார், கட்டில்களில் பிள்ளைகள் எப்படித் தூங்குகிறார்கள் என்று பார்க்கப் புறப்பட்டே வந்துவிட்டார். அவர் சொல்வதை வைத்துத்தான் அடுத்த கட்டத் திட்டம் தொடரும், இல்லை அதை மூடிவிடுவார்கள். என் ஒப்பந்தம் கிடக்கட்டும், அது வழக்கமாகத் தொங்குவதுதான். மூடிவிட்டால் அந்தக் காம்பராவை அப்புறம் ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. தர்ஷினி ஏற்கனவே ஒரு தவணை பின்தங்கிவிட்டாள். இன்னும் கொஞ்சம் போனால் அவளே பள்ளிக்கூடத்தை மறந்துவிடுவாள் என்று எனக்குப் பயம். மாலை, பொட்டு, ஆலாத்தி எல்லாம் ஆயிற்று. ஹெல்கா கட்டில்களைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். "கூரை திறந்து மூடும் வசதியுள்ளதா?" என்று ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார். சத்தியமாகக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தர்ஷினி முன்னால் வந்து, "மேடத்த இதுல கொஞ்சம் படுத்துப் பாக்கச் சொல்லுங்க மிஸ்" என்றாள். களைப்பாக இருப்பீர்கள், சற்றே ஓய்வெடுக்கச் சொல்கிறாள் என்று நாசூக்காக மொழிபெயர்த்தேன். ஹெல்கா நல்ல மனுஷி. சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தச் சின்னக் கட்டிலில் கால் வெளியே தொங்க மல்லாந்து படுத்தார். நம்ம ஊர் மழைக்கு யாரும் தேதி குறித்துக் கொடுக்க வேண்டியதில்லை. முதல் துளி மூக்கில் விழுந்தது. அப்புறம் ஒன்று நெற்றியில். அப்புறம் சோவென்று பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் எல்லாரும் வாசலோரம் ஒதுங்கிவிட்டார்கள். அவர் மட்டும் எழும்பவில்லை. முயல் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, வானத்தையே பார்த்தபடி கிடந்தார். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். வாசலில் நின்ற எங்கள் வாகனச் சாரதி நிசாம் நானா என் காதோரம் குனிந்தார்:

"பயப்படாதீங்க மிஸ். நனையுறது பெரிய எடம், இனி கூர வந்துரும்."

தகரம்

வந்துவிட்டது! நிசாம் நானா வாய்க்கு எத்தனை தரம் சீனி போட்டாலும் தகும். ஹெல்கா தலை துவட்டத் துவாய் கேட்பதற்கு முன்னால் என்னிடம் கேட்டது, இந்த இடத்தின் பெயர் என்ன என்றுதான். சொன்னேன். அவர் அதை அப்படியே, "பில்லை காம்ப்ரா" என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்து வந்த லொறியில் கட்டில் இல்லை, தகரம் இருந்தது. கூரை ஏறியது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்காவைத் தோட்டத்தில் வேலைக்குப் போட்டார்கள். அந்தக் கட்டில்களில் இப்போது ஒன்றுக்கு இரண்டாகப் பிள்ளைகள் குறுக்கே கிடந்து தூங்குகிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். திறந்த அன்றைக்குத் தர்ஷினி வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக வந்து தம்பியை அந்த அக்கா கையில் கொடுத்தாள். அவன் லயமே அதிரக் கத்தினான். அவள் திரும்பிப் பார்க்காமல் நாலு எட்டு போனாள், அப்புறம் ஓடிவந்து அவன் மூக்கைத் துடைத்துவிட்டு அவளும் அழுதாள். நானும் அழுதேன். வேலை நேரத்தில் அழக்கூடாது என்று எந்த ஒப்பந்தத்திலும் போட்டிருக்கவில்லை.

அதற்கப்புறம் ஒருநாள் றொசல்ல ஸ்டேஷன் பக்கம் அவளைக் கண்டேன். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, தம்பி இல்லாத இடுப்பைப் பழக்கதோஷத்தில் ஒரு பக்கம் சாய்த்தபடி வந்துகொண்டிருந்தாள். முகம் மட்டும் தொங்கிக்கிடந்தது. மறுபடியும் காம்பராவுக்கு ஏதாவதோ, தம்பிக்கு ஏதாவதோ? "என்னடி ஆச்சு? ஸ்கூல் எப்படிப் போகுது?" என்று பதறிக் கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்:

"தம்பிக்கு உரிமை கெடச்சிருச்சு மிஸ். எனக்குக் கணக்குப் பாடம் கெடச்சிருச்சு."

ஆக, சர்வதேச சேவை என்பது றொசல்லவில் புறப்பட்ட ஒரு வார்த்தையைக் கொழும்பு வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து வந்தவரை மழையில் நனையவைத்து, கடைசியில் றொசல்லவுக்கு மேலேயே நாலு தகரமாகப் போட்டுவிட்டு வருவதுதான். என்ன, அதற்கும் எங்கள் தொரை எனக்குப் போட்டது அரைப்பேர்.