படிக்காமல் விட்ட பதினேழாவது சீட்டு

என் சித்தி இருபத்தாறு வருடமாக நர்ஸ். அவள் செருப்புச் சத்தத்தை வைத்தே மருத்துவமனையில் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள். தரையைத் தேய்த்தால் களைப்பு. டக் டக்கென்று அடித்தால் யாருக்கோ திட்டு காத்திருக்கிறது. ஊசி போடும்போது மட்டும் குரல் பஞ்சாகிவிடும். "வலிக்குமா சிஸ்டர்?" என்று கேட்டு முடிப்பதற்குள், "போட்டாச்சு, எழுந்திரிங்க, அடுத்த ஆளு நிக்கிறாங்க" என்பாள்.

நான்கு வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு ஒரு பையோடு நான் வந்து இறங்கியது அவள் வீட்டில்தான். கதவைத் திறந்தவள், "வாடி ஊர்சுத்தி. ரெண்டு நாள் தூங்கு. மூணாவது நாள் எனக்கு வேலை இருக்கு, அதாவது உனக்கு" என்றாள்.

அந்த வேலை, பயிற்சிக் கூட்டங்களுக்கு உதவுவது. சித்தி, மருத்துவமனையில் மருந்து கொடுப்பவர், பக்கத்துக் காவல் நிலையத்துப் போலீஸ்காரர் ஆகிய மூன்று பேரும் சேர்ந்து மாதம் இரண்டு முறை நடத்துவார்கள். ஆசிரியர்கள், கடைக்காரர்கள், பஸ் டிரைவர்கள் என்று ஒவ்வொரு கூட்டமாக உட்காரவைத்து, போதைப் பழக்கத்தை ஆரம்பத்திலேயே எப்படிக் கண்டுகொள்வது, அவமானப்படுத்தாமல் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுப்பார்கள். போலீஸ்காரர் சட்டம் சொல்வார். முதல் வரிசை நிமிரும், கடைசி வரிசை தூங்கும். மருந்துக்காரரை எல்லோரும் கம்பவுண்டர் என்பார்கள். மருந்தைக் கலக்கிக் கொடுத்த காலம் போய்விட்டது, பட்டம் போகவில்லை. அவர் மாத்திரைகளைப் பற்றி, அதிர்ந்து பேசாமல், பாதி சிரிப்போடு சொல்வார். கடைசி அரைமணி நேரம் சித்தியுடையது. கேள்விச் சீட்டு.

எல்லோருக்கும் ஒரு சீட்டு. பெயர் எழுதக் கூடாது. கேள்வி இல்லாதவர்களும் வெற்றுச் சீட்டையாவது மடித்துப் பெட்டியில் போட வேண்டும். நடத்துகிறவர்களும் போட வேண்டும்; இல்லாவிட்டால் கேட்கிறவர்கள் தனியாகத் தெரிவார்கள். சித்தி வைத்த விதிகள் இவை. அவற்றில் முக்கியமானது, வந்த சீட்டை விடக் கூடாது. "பத்து நாள் முழுங்கி முழுங்கி வச்சிருந்ததத்தான் ஒருத்தன் எழுதுவான். அதப் பத்து செகண்ட்ல தூக்கிப் போட நாம யாரு?" என்பாள். சீட்டு கொடுப்பது, வாங்குவது, எழுதியவற்றை எண்ணுவது, அறிக்கை தட்டச்சு செய்வது என் பொறுப்பு.

அன்று பள்ளிக்கூட ஹாலில் பஸ் டிரைவர்கள். முன்வரிசையில் சுகாதாரத் துறை மேலதிகாரி வந்து உட்கார்ந்திருந்தார். சித்தி ஒவ்வொன்றாகப் படித்தாள். "என் மச்சான் குடிய விட்டுட்டா, இதுவரைக்கும் குடிச்சதுக்கு எங்கிட்ட வாங்கின அடிக்கெல்லாம் யாரு பொறுப்பு? இதுக்குப் போலீஸ் பதில் சொல்லட்டும்." ஹாலே சிரித்தது. போலீஸ்காரர், "மச்சானையும் கூட்டிட்டு வாங்க, ரெண்டு பேரையும் உள்ள வச்சுப் பேசலாம்" என்றார்.

அடுத்த சீட்டைப் பிரித்தவள் நின்றாள். கண்ணாடியைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. சீட்டை நான்காக மடித்துச் சீருடைச் சட்டைப் பைக்குள் போட்டாள். "இதுல ஒண்ணும் எழுதல" என்று அடுத்ததை எடுத்தாள்.

நான் அவளுக்குப் பக்கவாட்டில் நின்றிருந்தேன். நீல மையில் நான்கு வரி இருந்தது. ஹாலின் ஓரத்தில் கம்பவுண்டர் தன் படப்பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பலகையைக் கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதையும் அடுக்கினார்.

"சித்தி, எழுதினது பதினேழு வரணும்" என்றேன் வீட்டுக்கு வந்ததும்.

"பதினாறுன்னு போடு."

"ஆனா அதுல..."

"ஊர்சுத்தி, சொன்னதச் செய்யேன்."

பதினாறு என்று தட்டினேன். இரண்டு எண்ணை அழுத்துகிற வேலை. அதற்கு மேல் கேட்கவில்லை. அடுத்து எந்த ஊருக்குக் கிளம்பலாம் என்ற யோசனையில் இருந்தேன்.

நான்காவது நாள் காலை, மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் கம்பவுண்டர் வலிப்பு வந்து விழுந்தார். மேஜை விளிம்பில் உதடு கிழிந்தது. சித்தி ஒரு காலில் செருப்பில்லாமல் ஓடினாள். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் தன் கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையின் கடிகாரத்தைப் பார்த்து நிமிடங்களை எண்ணினாள். மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நான் போனபோது அவர் வார்டில் தூங்கிக்கொண்டிருந்தார். சித்தி நர்ஸ்கள் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தாள். நான்கு நாளும் ஒரு சட்டையிலிருந்து அடுத்த சட்டைக்கு மாற்றி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"படி."

தூக்க மாத்திரை, தினமும் இரண்டு, மூன்று வருடமாக. நிறுத்தினால் கை நடுங்குகிறது. டாக்டரிடம் சொல்ல வெட்கம். யாருக்கும் தெரியாமல் ஒரேயடியாக நிறுத்திவிடலாமா?

எழுத்துகள் வேண்டுமென்றே இடப்பக்கம் சாய்த்து எழுதப்பட்டிருந்தன. ஆனால் 'தினமும்' என்ற சொல்லுக்கு அடுத்து, 'இரவு' என்று எழுத வேண்டிய இடத்தில், ஒரு சின்னப் பிறை. படிக்கத் தெரியாதவர்களுக்காக மருந்துக் கவரில் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் போட்டுக் கொடுப்பது கம்பவுண்டர் ஒருவர்தான். கையெழுத்தை மறைத்தவருக்குப் பிறையை மறைக்கத் தோன்றவில்லை.

"பார்த்ததும் தெரிஞ்சிடுச்சா சித்தி?"

"இருபது வருஷமா பார்க்கிற நிலா. தெரியாமப் போகுமா?"

"மேலதிகாரி இருந்தாரு. கம்பவுண்டர் வேலை போயிடக் கூடாதுன்னுதான நீங்க..."

"அப்படி நெனச்சுக்கிட்டா எனக்கும் சௌகரியமாத்தான் இருக்கும்." சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள். "மூணு வருஷம் முன்னாடி அவரு சம்சாரம் போனப்ப, பத்து நாள் கண்ணு மூடாம வேலைக்கு வந்தாரு. ஒருத்தருக்கு மருந்தே மாத்திக் கொடுக்கப் பார்த்தாரு. நான் வார்டு அலமாரியத் தொறந்து தூக்க மாத்திரை ஒரு அட்டை எடுத்தேன். டாக்டர் சீட்டு இல்ல, ஒண்ணும் இல்ல. கையில திணிச்சு, தூங்குங்க எல்லாம் சரியாயிடும்னேன். அதுக்கப்புறம் தூங்குறீங்களான்னு ஒரு நாள்கூடக் கேக்கல. வந்தாரு, சிரிச்சாரு, நானும் விட்டுட்டேன்."

"ஒரேயடியா நிறுத்துனா வலிப்பு வரும்னு அவருக்கே தெரியுமே?"

"நல்லாத் தெரியும். ஒருத்தராவது வேண்டாம்னு சொல்றாங்களான்னு கேட்டிருக்காரு. யாரும் சொல்லல, நிறுத்திட்டாரு. பதில் என் பயிற்சி நோட்டுலயே இருக்கு, பன்னிரண்டாம் பக்கம். வாயத் தொறந்தா, முதல்ல கொடுத்தது யாருன்னு அடுத்த கேள்வி வருமே. அதுக்குப் பயந்து வாய மூடிக்கிட்டேன்."

பதினாறு என்று தட்டிய விரல்களை நான் மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் அவரைப் பார்க்கப் போனோம். உதட்டில் நான்கு தையல்.

"வாங்க சிஸ்டர். சிரிக்க வச்சிடாதீங்க, தையல் பிரிஞ்சிடும்."

சித்தி உட்காரவில்லை. "சீட்டப் பார்த்தேன்."

"பைக்குள்ள போட்டப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் வந்து கேக்கல?"

"நீங்க ஏன் வந்து சொல்லல?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமி ஓய்ந்தார். "அந்த முதல் அட்டை..." என்று சித்தி ஆரம்பித்தாள்.

"ஒரு அட்டை கொடுத்தீங்க சிஸ்டர். மிச்ச மூணு வருஷம் மருந்தறைச் சாவி என் இடுப்புலதான இருந்துச்சு?"

"பங்கு பிரிக்க வரல நான்" என்றாள். குரல் டக்கென்று அடித்தது. உடனே இறங்கியது. "நாளைக்கு மேலதிகாரிகிட்ட என் பங்க மட்டும் சொல்லப்போறேன். உங்களுத நீங்க சொல்லணும்னா சொல்லுங்க."

சொன்னாள். இரண்டு மணி நேரம் நிற்கவைத்தார்கள். அவளிடமிருந்த வார்டு அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை பயிற்சி நடத்தக் கூடாது என்று கடிதம் வந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கலாமா என்று மட்டும் அனுமதி கேட்டாள், கொடுத்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் சீட்டுப் பெட்டி போலீஸ்காரர் கையில். குற்றப் பத்திரிகை வாசிப்பதுபோல ஒவ்வொன்றாக வாசித்தார். ஒரு சீட்டில் திணறினார்.

"இதுல பேரு போட்டிருக்கு. பேரு போடக் கூடாதே..."

"படிங்க" என்றாள் சித்தி கடைசி வரிசையிலிருந்து. "வந்த சீட்ட விடக் கூடாது."

அவர் படித்தார். "போன கூட்டத்தில் ஒருவர், தூக்க மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தலாமா என்று கேட்டார். எழுதவில்லை என்று பொய் சொல்லி அந்தச் சீட்டை மறைத்தேன். அவருக்கு முதல் மாத்திரையைக் கொடுத்தது நான். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். நான் செய்ததை எப்படிச் சரிசெய்வது என்றும் சொல்லுங்கள்."

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. போலீஸ்காரர் சித்தியின் பயிற்சி நோட்டைப் புரட்டினார். அவர் கையில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன.

"எந்தப் பக்கம் சிஸ்டர்?"

"பன்னிரண்டு."

ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, டாக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை என்று நிறுத்தி நிறுத்திப் படித்தார். முடித்துவிட்டு, "ரெண்டாவது கேள்விக்கு?" என்றார்.

"அது நோட்டுல இல்லைங்க" என்றாள் சித்தி. பிறகு என்னைப் பார்த்தாள். "அதயும் அப்படியே எழுதிக்கோ."

வீட்டுக்கு வந்து அறிக்கையைத் தட்டினேன். எழுதி வந்த சீட்டு இருபத்தொன்று. முழுதாகப் பதில் சொன்னது இருபது. பழைய அறிக்கையையும் திறந்து பதினாறைப் பதினேழாக்கினேன். சித்தி எனக்குப் பின்னால் நின்று இரண்டையும் படித்தாள். செருப்பு தரையைத் தேய்க்க, கம்பவுண்டருக்கு டாக்டர் குறைத்துக் கொடுக்கும் அந்த வாரத்து மாத்திரைகள் ஒழுங்காக வந்துவிட்டனவா என்று கேட்டு வரப் போனாள்.