அரை தம்ளர் பால்

தார்மோவுக்கு நாற்பது பசுக்கள். பெற்ற மகளுக்கோ பால் ஆகாது. இப்படியொரு கொடுமை பின்லாந்தின் சவோ சீமையில் வேறு எவனுக்கு வாய்த்தது? ஒரு சொட்டுப் பட்டாலே ஹில்லாவுக்கு முகம் வீங்கி மூச்சு முட்டும். கறந்து முடித்து, சவுனா நீராவி அறையில் குளித்து, துணி மாற்றிய பிறகுதான் மனுஷன் அவளைத் தொடுவான்.

பிறகு நகரத்து மருத்துவமனையில் சிகிச்சை தொடங்கினார்கள். பாலையே மருந்தாக, தினமும் சொட்டுச் சொட்டாகக் கூட்டிக் கொடுப்பது. அரை தம்ளர் வரை வந்துவிட்டாள். ஒன்பது வயதில் முதன்முறையாகத் தொழுவத்துக்குள் நுழைந்து ஒரு கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தார்மோ சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதான்.

சாப்பாட்டில் மட்டும் ஆமை வேகம். ரை தானிய ரொட்டியை விரல்நுனி அளவு கிள்ளி, வாய்க்கு வாய் தண்ணீர் குடிப்பாள்.

"என்னடி, நம்ம மாடே தேவலாம் போலிருக்கு. எவ்ளோ நேரம் அசை போடுவ?" என்பான். அவளும் சிரிப்பாள்.

அந்த வசந்தத்தில் வழக்கமான பரிசோதனைக்குப் போனார்கள். செவிலி மெர்வி கேட்டாள்:

"தொண்டையில அடைக்குதா செல்லம்? நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"வாந்தி வருதா?"

"இல்லவே இல்ல."

வலியை வாய்விட்டுச் சொல்லாத பரம்பரை. அப்பனை அப்படியே உரித்து வைத்திருந்தாள். மெர்வி தார்மோவிடம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. மெதுவா சாப்பிடறாளா? நடுநடுவே தண்ணி குடிக்கிறாளா?"

அவனுக்குச் சுரீரென்றது. ஐயோ, இத்தனை நாள் இதையா கேலி பண்ணினோம்! மேசைக்கடியில் ஹில்லா அவன் காலை மிதித்தாள். சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த அரை தம்ளர் தப்பியிருக்கும்.

"ஆமாங்க," என்றான். "ரொம்ப நாளாவே."

மயக்கம் கொடுத்து, குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாய் நெடுக அழற்சி. மருந்தாகக் கொடுத்த பாலே காரணம்.

"இப்படியே விட்டா உணவுக்குழாய் சுருங்கிடும். பாலை நிறுத்தியாகணும்," என்றார் டாக்டர். "பழைய ஒவ்வாமை திரும்பிடும். தொழுவத்துப் பக்கம் விடாதீங்க."

திரும்பும் வழியில் காரில் ஹில்லா கேட்டாள்:

"நீ ஏம்ப்பா சொன்ன?"

"உள்ளெல்லாம் புண்ணு கண்ணு. வலிச்சிருக்குமே உனக்கு."

"எனக்குத்தானே வலிச்சுது? நான் பொறுத்துக்கிட்டுத்தானே இருந்தேன்?"

வீடு வந்தது. கறவை நேரம் தப்பி, மடி கனத்த மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. வண்டியை நிறுத்தியும் அவன் இறங்கவில்லை. கறக்கப் போனால், பழையபடி குளித்து மாற்றும்வரை அவளைத் தொட முடியாது. ஹில்லா அவன் கையைப் பிடித்திருந்தாள்.