படகு மோட்டாரும் அத்தங்காவும்

கல்யாணமாகி நான் மயிலாப்பூருக்கு வந்து சில வருஷங்கள் ஆனபின், என் கணவர் ஒரு பழைய படகு மோட்டாரை வாங்கி வந்தார். மவுண்ட் ரோட்டில் மோட்டார் கார் விற்கும் கம்பெனி ஒன்றில் அவருக்கு உத்தியோகம். சீமைக்குத் திரும்பும் துரை ஒருவர் சாமான்களைத் தள்ளிவிட்டபோது யாரும் சீந்தாமல் கிடந்தது அது. படகின் பின்பலகையில் மாட்டித் திருகிக்கொள்ள வேண்டும். மேலே பெட்ரோல் தொட்டி, கீழே நீண்ட கால், கால் நுனியில் விசிறி. கயிற்றைச் சுற்றி இழுத்தால் கிளம்பும்.

வந்த புதிதில் அது கொல்லையில் சாக்குக்கு அடியில் கிடந்தது. அவருடைய அத்தை பெண்ணான அத்தங்காவின் புருஷருக்குச் சென்னைக்கு மாற்றலாகி, அவர்கள் தியாகராய நகரில் குடியேறப் போகிறார்கள் என்று தெரிந்த வாரம்தான் சாக்கு விலகியது. துருவைத் தேய்த்தார். தொட்டிக்கும் மூடிக்கும் பச்சை எனாமல் பூசினார். அது காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு. சமையலறை ஜன்னலுக்கு வர்ணம் பூசச் சொல்லி நான் அலுத்துப் போயிருந்த சமயம் அது.

அத்தங்காவும் அவரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். ஜாதகம் மட்டும் பொருந்தியிருந்தால் அவள்தான் இந்த வீட்டுக்கு வந்திருப்பாள் என்று என் மாமியார் என்னிடமே சொல்லியிருக்கிறார். குத்தலாக அல்ல, நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அதுதான் இன்னும் பொறுக்கவில்லை.

அவள் வந்து முதலில் பார்த்தது மோட்டாரைத்தான்.

"எத்தனை குதிரை சக்தி அம்மாஞ்சி?" என்றாள். மாமன் பிள்ளையை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவர் முகம் விளக்கேற்றின மாதிரி ஆயிற்று. அந்த மோட்டார் வந்த அன்று நான் கேட்ட கேள்வி, "இதை எங்கே வைக்கப் போறேள்?" என்பது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜட்கா வைத்துக்கொண்டு நால்வரும் அடையாற்றுக்குப் போனோம். பாலத்துக்குச் சற்று மேற்கே ஒரு படகுக்காரர் எங்களுக்காகக் காத்திருந்தார். படகில் என் கணவரும் அத்தங்காவும் மட்டும் ஏறினார்கள். அவளுடைய புருஷருக்குத் தண்ணீர் என்றால் பயம். எனக்கு அப்படியொன்றும் பயமில்லை. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. காபிக் கூஜாவுடன் கரையில் உட்கார்ந்தேன்.

மோட்டார் கிளம்பியது. மெதுவாகப் போனவரை ஒழுங்காக ஓடியது. வேகத்தைக் கூட்டியதும் இரண்டு இருமல் இருமி, நின்றுவிட்டது. திரும்பக் கயிற்றை இழுத்தால் உயிர் வந்தது. வேகம் வைத்தால் மறுபடி நின்றது. படகுக்காரர் நீந்திப் போய் ஏறி, கழி போட்டுத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தார்.

"இன்னா சாமி, நின்னு பூட்ச்சா? கழி எதுக்கு கீது?" என்றார்.

அதற்கப்புறம் சாயங்காலங்களில் அத்தங்கா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டினார்கள். அது இல்லை. மாக்னெட்டோவில் பொறி சரியாக வருகிறதா என்று பார்த்தார்கள். அதுவும் இல்லை. பிறகு பெட்ரோல் குழாயில் இருந்த சல்லடை, பிறகு கார்புரேட்டர். கொல்லையில் பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் இரண்டு தலைகளும் ஒன்றாகக் குனிந்திருக்கும். அவள் கையில் எண்ணெய்க் கறை. "திருப்புளி குடு" என்பாள். கேட்பதற்குள் எடுத்து நீட்டுவார். என்னிடம் அவர் உப்பை நகர்த்திக்கூடக் கொடுத்ததில்லை.

ஒவ்வொன்றையும் மாட்டியபின், பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதன் விளிம்பில் பலகை வைத்துப் பிணைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். தண்ணீரெல்லாம் வெளியே தெறிக்கும்படி முழு வேகத்தில் ஓடும், நிற்கவே நிற்காது. ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் இறக்கினால் பழைய கதைதான்.

காரணம் எனக்குத் தெரிந்தது சமையலறையில். புது மண்ணெண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுச் சாய்த்தேன். கொஞ்சம் ஊற்றிவிட்டு, குடக் குடக்கென்று தயங்கியது. எப்போதும்போல எதிர் மூலையில் இன்னோர் ஓட்டை குத்தினேன், தாராளமாக விழுந்தது. டின்னைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அண்டாவில் ஓட்டும்போது பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்க்க, தொட்டியைத் திறந்தே வைத்திருப்பார்கள். ஆற்றில் தண்ணீர் தெறிக்குமே என்று மூடியை இறுக்கிவிடுவார்கள். மூடியில் காற்று உள்ளே போக ஒரு துளை இருந்தே ஆக வேண்டும். அது அந்தப் பச்சை எனாமலுக்கு அடியில் இருக்கிறது.

அன்று நான் சொல்லவில்லை. சரியாகிவிட்டால் இருவரும் பாலத்தைத் தாண்டிப் போவார்கள், கண்ணுக்கே தெரியமாட்டார்கள்.

அடுத்த ஞாயிறு, படகு நின்று கரைக்கு வந்ததும் அத்தங்கா புருவத்தைச் சுளித்துக்கொண்டு, "அம்மாஞ்சி, தொட்டியிலேர்ந்து பெட்ரோல் எறங்கறதுலதான் ஏதோ இருக்கு" என்றாள்.

அவள் கை மூடிக்குப் போயிற்று. இதையும் அவளே கண்டுபிடித்துவிடப் போகிறாள்.

"ஏன்னா, மூடியில காத்து ஓட்டை அடைச்சுண்டிருக்கு. நீங்க பூசின பெயிண்ட்தான்" என்றேன்.

என் கொண்டை ஊசியை வாங்கிக் குத்திப் பார்த்தார். பச்சைச் செதில் ஒன்று பெயர்ந்து விழுந்தது.

"அட" என்றார். அவ்வளவுதான்.

அத்தங்கா ஏற்கெனவே படகில் இருந்தாள். அவர் கயிற்றை இழுத்தார். வேகத்தைக் கூட்டக் கூட்ட மோட்டார் உறுமியது, நிற்கவில்லை. படகு பாலத்துக்கு அடியில் நுழைந்து மறைந்தது.

கரையில் நானும் அவளுடைய புருஷரும் இருந்தோம். காபியை ஊற்றிக் கொடுத்தேன். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "அது நிக்கறச்சேயெல்லாம் எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்தது" என்றார்.

"எனக்கும்தான்."

"பின்னே ஏன் சொன்னேள்?"

கூஜாவின் மூடியை இறுக்கினேன். மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று இருவரும் காது கொடுத்துக்கொண்டிருந்தோம்.

படகு திரும்பி வந்ததும், நனைந்த புடவையோடு அத்தங்கா இறங்கினாள். "நன்னாக் கண்டுபிடிச்சே மன்னி" என்று என் கையை அழுத்தினாள். அவள் மனசில் ஒன்றுமில்லை என்பது அந்தக் கையிலேயே தெரிந்தது. அதனாலும் என் எரிச்சல் தணியவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் அவர்களுக்குத் திருச்சிக்கு மாற்றலாயிற்று. எழும்பூரில் ரயிலேற்றிவிட்டு வந்தோம். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனால் அதற்குப்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பேப்பரை விரித்துக்கொண்டு கூடத்திலேயே இருந்தார். மோட்டார் மறுபடி சாக்குக்கு அடியில் போயிற்று. அவள் இருந்தபோது எரிந்ததைவிட இது எனக்கு அதிகமாக எரிந்தது.

ஒரு நாள் கேட்டேன். "இன்னிக்குப் படகு ஓட்டப் போகலையா?"

"தனியாப் போய் என்ன பண்றது?"

"தனியாவா?" என்றேன்.

அவர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து ஜட்கா கூப்பிடப் போனார்.

அன்று கயிற்றை நான்தான் இழுத்தேன். பல தடவை இழுத்தபிறகே கிளம்பிற்று, உள்ளங்கை சிவந்துவிட்டது. பாலத்தடியில் வேகத்தைக் கூட்டச் சொன்னார், கூட்டினேன். முகத்துவாரம் வரை போனோம். அங்கே மணல்திட்டுக்குப் பக்கத்தில் திரும்பும்போது, "இந்த எடத்துல அவ எப்பவும் இடது பக்கமா வளைப்பா" என்றார்.

நான் வலது பக்கமாக வளைத்தேன். விசிறி மணலில் தட்டி மோட்டார் நின்றது. இருவரும் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகைத் தள்ளினோம். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.